அண்ட்ராயர் பையில் ஏழு மிருகங்கள்

என்னிடம் ஏழு தங்கக் காசுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆப்பிரிக்கக் காட்டு மிருகம் ஒன்று. மான், யானை, சிங்கம், காண்டாமிருகம், எருமை, சிறுத்தை, சிவிங்கிப்புலி. உழைத்து வாங்கியவை, திருடியவை அல்ல. ஆனால் நியாயமாகப் பார்த்தால் ஏழும் திருமலை உண்டியலுக்குள் போயிருக்க வேண்டும். உண்டியலுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுவிட்டு, போடாமல் திரும்பி வந்தவன் நான். அதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்கிற உத்தேசமெல்லாம் இல்லை. கேட்க வேண்டியவளிடம் கேட்டாகிவிட்டது.

எனக்கு ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய விஜயபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. சொந்த நிலம் கிடையாது. அப்பா, எங்கள் பேச்சில் நைனா, அடுத்தவர் கடலைக்காட்டில் கூலிக்குப் போனார். எனக்கு அந்த வெயில் ஒத்துவரவில்லை என்று போர்வெல் வண்டியில் ஏறினேன். அங்கே அதே வெயிலோடு தூசியும் சத்தமும் சேர்ந்துகொண்டன. ஆனாலும் இரும்பு வேலை எனக்குப் பிடித்திருந்தது. நாலு வருஷத்தில் ரிக், அதாவது துளை போடுகிற மிஷினை, ஓட்டுகிற அளவுக்கு வந்துவிட்டேன். பாறை மாறினால் சத்தத்திலேயே தெரிந்துகொள்வேன்.

அந்தக் காலத்தில் நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் எந்தக் கதவு திறந்தது என்றால், போர்வெல் முதலாளிகள் ரிக்குகளைக் கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். கூடவே எங்களையும் அனுப்பினார்கள். எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாசம். அத்தை மகளைத்தான் கட்டியிருந்தேன். மூணு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனவன், நடுவில் ஒருமுறைகூட லீவு கிடைக்காமல் ஐந்து வருஷம் ஜாம்பியாவில் இருந்தேன்.

சம்பளம் முழுவதையும் டிராப்ட் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். ஓவர்டைம் மட்டும் அந்த ஊர்ப் பணமாகக் கையில் கொடுப்பார்கள். அந்தப் பணத்துக்குக் காலையில் ஒரு மதிப்பு, சாயங்காலம் ஒரு மதிப்பு. வைத்திருந்தால் கரைந்துபோகும். எங்கள் கேம்புக்குப் பக்கத்து டவுனில் ஒரு குஜராத்திக்காரர் கடை வைத்திருந்தார். மீன் தூண்டிலிலிருந்து தையல் மிஷின் வரைக்கும் எல்லாம் விற்பார். சரக்கு வாங்கத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்வரும்போது தங்கக் காசும் கொண்டுவருவார். "பணத்தை வெச்சிருக்காதே, இதை வாங்கி வை" என்று இந்தியில் சொல்லி, முதல் காசை என் உள்ளங்கையில் வைத்தார். அதுதான் மான்.

மிகவும் சின்னக் காசு, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. நம் ஊர்த் தங்கம்போல மஞ்சளாக இல்லாமல் செம்பு கலந்த சிவப்பு. ஒரு மான் துள்ளுவதற்கு முன்னால் முன்னங்காலைத் தூக்கி நிற்கும். கேம்புக்குக் கொண்டுவந்து, பளபளவென்று இருக்கட்டுமே என்று பல்பொடி போட்டு நன்றாகத் தேய்த்தேன். அடுத்த முறை கடைக்காரரிடம் பெருமையாகக் காட்டினேன். அந்த மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார். பாத்திரமா துலக்குகிறாய், காசின் முகத்தை யாராவது தொடுவார்களா என்று கத்தினார். மானின் விலாவில் இன்றைக்கும் அந்தக் கீறல்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு எந்தக் காசையும் ஓரத்தை மட்டும்தான் பிடித்தேன்.

சேமிப்பாகத்தான் ஆரம்பித்தது. இரண்டாவதாக யானை வந்ததும் புத்தி மாறிவிட்டது. எடை என்ன, விலை என்ன என்று கேட்பதை விட்டுவிட்டு, அடுத்து என்ன மிருகம் என்று கேட்க ஆரம்பித்தேன். சிங்கம் வந்தது. அதுதான் ஏழிலும் பெரியது. அதற்காக ஒரு மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தேன். பிறகு காண்டாமிருகம், எருமை, சிறுத்தை. சிவிங்கிப்புலி தான்சானியாவில் மிருகங்களைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லி அடித்த பழைய காசு. சிறுத்தைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாதவன் நான். கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்த மாதிரி கோடு இருந்தால் சிவிங்கிப்புலி என்று கடைக்காரர்தான் காட்டினார். சிரிப்பு என்னவென்றால், ஐந்து வருஷம் ஆப்பிரிக்கக் காட்டில் குழி தோண்டியவன் நிஜத்தில் பார்த்தது குரங்கும் நரியும்தான். ரிக் போடும் சத்தத்துக்கு எந்தச் சிங்கம் வரும்?

இதைப்பற்றி வீட்டுக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஜனங்களுக்குத் தங்கம் என்றால் கழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடகில் இருக்க வேண்டும். சும்மா இருக்கிற தங்கம் என்று ஒன்று உண்டு என்பதையே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் வந்து இறங்குவதற்குள் ஆசாரி வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார். சிங்கம் ஒரு ஜிமிக்கியாகவும் யானை ஒரு மூக்குத்தியாகவும் மாறிவிடும். அதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வந்தது.

நாலாவது வருஷம் காய்ச்சல் வந்தது. மலேரியா மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். நான் நினைவில்லாமல் கிடந்த நாட்களில் கேம்ப் மேனேஜர் நகரியில் இருந்த ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு, சீரியஸ் என்று ஊருக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அந்தச் செய்தி என் மனைவிக்குப் போய்ச் சேர்ந்தது. பிழைத்துக்கொண்டான் என்கிற செய்தி போய்ச்சேர அதற்கப்புறம் பதினெட்டு நாள் ஆனது. அந்தப் பதினெட்டு நாளில் அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியாது. கடிதத்திலும் அவள் எழுதவில்லை.

ஒருவழியாக ஊருக்குக் கிளம்புகிற நாள் வந்தது. ஏழு காசுகளையும் என்ன செய்வது? நான் இந்தியாவிலிருந்து புறப்பட்ட காலத்தில் கஸ்டம்ஸ் என்றால் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களின் செருப்பைக் கிழித்துப் பார்ப்பார்கள் என்றுதான் கேள்வி. அதனால் ஒவ்வொரு காசையும் பஞ்சு வைத்துத் துணியில் சுற்றி, பட்டாபட்டி அண்ட்ராயரின் உள்பையில் வைத்து, பையின் வாயை நானே ஊசி நூலால் தைத்துவிட்டேன். மெட்ராஸ் ஏர்போர்ட்டில் யாரும் என்னைத் தொடவில்லை. சட்டம் மாறி நாளாகிவிட்டது, வெளிநாட்டில் வேலை செய்தவன் வரி கட்டினால் தங்கத்தை நேராகவே கையில் கொண்டுவரலாம் என்பது எனக்குப் பல மாசம் கழித்துத்தான் தெரியும். நேராகக் கொண்டுவந்திருந்தால் காசுகள் பெட்டியில் இருந்திருக்கும், என் உடம்பில் இருந்திருக்காது. இந்தக் கதையும் இருந்திருக்காது.

ஏர்போர்ட் வாசலில் என் மனைவியும் அவள் அண்ணனும் நின்றிருந்தார்கள். மச்சான் புத்தூரில் லாரி ஓட்டுகிறவர். அவள் இளைத்திருந்தாள். என் கையில் ஒரு செப்பு வளையம் கிடந்தது. அந்த ஊர் செப்புச் சுரங்கத்து ஊர். மூட்டுவலி வராது என்று வேலைக்காரர்கள் எல்லோரும் போட்டிருப்பார்கள். அவள் அதைத் தொட்டுப் பார்த்து, "இன்னா மாமா இது, நல்லாக்கீதே" என்றாள். கழற்றி அவள் கையில் மாட்டிவிட்டேன். ஐந்து வருஷம் கழித்து நான் அவளுக்குக் கொடுத்த முதல் பொருள் அதுதான்.

வீட்டுக்குப் போகவில்லை. "நேரா மலைக்கு, மாப்ள. தங்கச்சி வேண்டிக்கினு கீது" என்றார் மச்சான். மொட்டை அடிக்கிற வேண்டுதலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஊத்துக்கோட்டை வழியாகப் பஸ் பிடித்து, திருப்பதியில் இறங்கி, மறுநாள் காலையில் மலை ஏறினோம். மொட்டை அடித்துக்கொண்டு குளிக்கும்போது எல்லோரும் துண்டைக் கட்டிக்கொண்டு ஈர அண்ட்ராயரை அவிழ்த்துப் பிழிந்தார்கள். நான் அவிழ்க்கவில்லை. ஈரத்தின் மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டேன். மச்சான் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆப்பிரிக்காவில் எப்படியெப்படியோ பழகிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்.

தரிசனத்துக்கு முன்னால் ஒரு பெரிய கூடத்தில் அடைத்து வைப்பார்கள். மணிக்கணக்கில் உட்கார வேண்டும். அங்கேதான், என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து என் காதுக்குள் சொன்னாள்.

"உன் மேல நிலுவு தோப்பிடி வேண்டிக்கினு கீறேன் மாமா."

எங்கள் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நிலுவு தோப்பிடி என்றால், நிற்கிற கோலத்தில் கொள்ளை கொடுப்பது. சாமி முன்னால் வந்து நிற்கும்போது உடம்பின்மேல் என்னென்ன நகை, பணம் இருக்கிறதோ அத்தனையையும் அப்படியே உண்டியலில் போட்டுவிட வேண்டும். எண்ணக் கூடாது, எடுத்து வைக்கக் கூடாது.

"மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்றேன்.

"சொல்லிட்டா கழட்டி வெச்சிட்டு வருவே. அப்பறம் அது இன்னா தோப்பிடி?" என்று சிரித்தாள். "உன் உசுர குட்த்தாரு மாமா. சங்கிலி, மோதிரம்லாம் ஒரு பெரிய விஷயமா?"

ஈரத் துணிக்குள் ஏழு மிருகங்களும் தொடையில் அழுத்திக்கொண்டிருந்தன. பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாகக் கோபம். என் உடம்பில் இருப்பதை என்னைக் கேட்காமல் எப்படி இவள் எழுதிக் கொடுத்தாள்? பிழைத்தது நான், மருந்து கொடுத்தது அந்த ஊர் நர்ஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் பாறை உடைத்தது என் கை. இவளுக்கு என்ன? இப்படியெல்லாம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து வக்கீல்போல வாதாடிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பாயின்ட் கிடைத்தது. சங்கிலியும் மோதிரமும் போட்டுக்கொண்டிருப்பவை. காசு போட்டுக்கொண்டிருப்பது அல்ல, வைத்துக்கொண்டிருப்பது. அதுவும் தைத்து வைத்தது. அதை உடம்பின்மேல் இருப்பதாக எப்படிச் சொல்ல முடியும்? இந்தத் தீர்ப்பை நானே எழுதி நானே கையெழுத்தும் போட்டுக்கொண்டேன்.

சாமியைப் பார்த்தது நினைவில்லை. பிடித்துத் தள்ளிவிட்டார்கள். உண்டியல் முன்னால், அதைச் சுற்றியிருக்கிற வெள்ளைத் துணிக்குள் கையை விட்டேன். சங்கிலி, மோதிரம், வாட்ச், சட்டைப்பையிலிருந்த பணம். வாட்ச்சைப் போடும்போது மச்சான் லேசாக இருமினார். என் மனைவி கைகூப்பி நின்றிருந்தாள்.

"அவ்ளோதானா மாமா?"

"அவ்ளோதான்."

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு மச்சான்தான் டிக்கெட் எடுத்தார்.

வந்த பிறகு ஊரில் தங்கவில்லை. திருப்பதியில் கரகம்பாடி ரோட்டுப் பக்கம் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிற ரீவைண்டிங் கடை போட்டேன். ஊரெல்லாம் லாட்ஜும் ஆஸ்பத்திரியும் அபார்ட்மென்டும் எழும்பிக்கொண்டிருந்த நேரம், எல்லா மாடிக்கும் தண்ணீர் ஏற வேண்டும். தொழில் நன்றாகவே நடந்தது. காசுகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வீட்டில் பழைய ஸ்பேனர் பெட்டிக்குள் வைத்திருந்தேன். கிரீஸ் பட்டுவிடும் என்று அவள் அதைத் தொடமாட்டாள். அவள் கோயிலுக்கோ கடைக்கோ போகிற நேரத்தில் எடுத்து, துணிமேல் வரிசையாக வைத்துப் பார்ப்பேன். யாரிடமும் காட்ட முடியாது. காட்டினால் எப்போது வாங்கினாய், எப்படிக் கொண்டுவந்தாய் என்று கேட்பார்கள். சேர்த்து வைக்கிற கிறுக்குப் பிடித்தவனுக்கு இதைவிடத் தண்டனை கிடையாது. பத்து நிமிஷம் பார்ப்பேன். பிறகு மூடி வைத்துவிடுவேன்.

வந்த மறு வருஷம் அவளுக்கு நாள் தள்ளியது. நாலாவது மாசம் நிற்காமல் போய்விட்டது. அடுத்த வருஷமும் அப்படியே. டாக்டரம்மா கர்ப்பப்பை வாய் பலவீனம் என்று சொல்லி, மூன்றாவது முறை தையல் போடலாம் என்றார். மூன்றாவது முறை வரவே இல்லை.

இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் ஒரு மாசம் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நம்ம வேண்டுதல்ல கொறை இருக்குது மாமா. அதான் இப்டி ஆவுது."

நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"இன்னா கொறை?"

"அந்தச் செப்பு வளையம். ஏர்போர்ட்ல நீ வந்து எறங்கறப்ப உன் கைல இருந்துது இல்ல? நான்தான் கேட்டு வாங்கிப் போட்டுக்கினேன். அது உன் ஒடம்புல இருந்த பொருளு. அத உண்டியல்ல போடாம நான் வெச்சிக்கினேன். ஆசப்பட்டுட்டேன் மாமா."

அவள் அழவில்லை. கணக்கு வாத்தியாரிடம் தப்பை ஒத்துக்கொள்வது மாதிரிதான் சொன்னாள். நான் என்ன செய்தேன் என்றால், சோற்றைப் பிசைந்துகொண்டே, "பைத்தியமா உனக்கு? செம்பு ஒரு பொருளா? டாக்டரம்மா சொல்றதைக் கேளு" என்றேன். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். உண்மையில் குறை என்று ஒன்று இருந்தால் அது ஸ்பேனர் பெட்டிக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் குறை என்று ஒன்று கிடையாது, எல்லாம் உடம்புச் சமாசாரம் என்று நினைத்தேன். நம்பிக்கை இல்லாதவன் எதற்காக வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்? இப்படி ஒரு சமாதானம். நிஜம் என்னவென்றால், சொன்னால் காசுகள் போய்விடும் என்ற பயம்தான்.

அந்த வாரமே தனியாக மலைக்குப் போய் வளையத்தை உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். அதிலும் அவளுக்குத் திருப்தி இல்லை. "அன்னிக்குப் போடாதது இன்னிக்குப் போட்டா சரியாய்டுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு சனிக்கிழமை விரதம் ஆரம்பித்தது. காலையில் ஒன்றும் கிடையாது. மத்தியானம் ஒருவேளை உப்பில்லாத சோறும் மோரும். ராத்திரி தண்ணீர். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். "ஆண்டவனுக்கும் எனுக்கும் நடுவுல நீ வராத மாமா" என்றாள். எட்டு வருஷம், ஒரு சனிக்கிழமை தவறாமல். வாரத்தில் ஒருநாள் நான் எதிரில் உட்கார்ந்து குழம்பு ஊற்றிச் சாப்பிடுவேன். அவள் பரிமாறுவாள். எனக்குப் பழகிப்போய்விட்டது. பழகிப்போனதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

மாட்டிவிட்டது என் வாய்தான். ஒரு கல்லூரி லெக்சரர் தண்ணி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். நான் அதைக் கழற்றிப் பார்க்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தவர், பொழுதுபோக்குக்கு வெளிநாட்டு நாணயங்கள் சேர்ப்பதாகப் பேச்செடுத்தார். பர்ஸிலிருந்து ஒரு காசை எடுத்தார். நிக்கல் காசு. அதில் ஒரு ஒட்டகச்சிவிங்கி. அதை என்னமோ கோஹினூர் வைரம் மாதிரி விரல் நுனியில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. நிக்கலுக்கே இந்த ஆட்டமா? இருக்கட்டும் என்று மறுநாள் டப்பாவிலிருந்து சிங்கத்தை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மோட்டாரைத் திரும்ப வாங்கிப்போக வந்தவர் முன்னால் ஒரு துணியை விரித்து அதன்மேல் வைத்தேன்.

மனுஷன் குனிந்து பார்த்தார். "ஏமண்டி, இதி நிஜங்கா பங்காரமேனா?" என்று, தங்கமேதானா என்று, மூன்று முறை கேட்டார். எடுக்கும்போது ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இத்தனை வருஷத்தில் என் சிங்கத்தை இன்னொரு மனுஷன் ஒழுங்காகப் பார்த்தது அதுதான் முதல் முறை. இன்னும் ஆறு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். என்ன செய்வது, சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கையில் பூதக்கண்ணாடியும் அரை கிலோ பாதுஷாவுமாக வீட்டு வாசலில் நின்றார். கதவைத் திறந்தது என் மனைவி. "அம்மா, மீ ஆயன தக்கர பங்காரு சிம்ஹம் உந்தட கதா! சூட்டானிக்கொச்சானு" என்றார். உங்கள் வீட்டுக்காரரிடம் தங்கச் சிங்கம் இருக்கிறதாமே, பார்க்க வந்தேன் என்று அர்த்தம். நான் உள்ளே பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க சார், உக்காருங்க" என்றுதான் அவரிடம் சொன்னாள்.

வேறு வழியில்லை. ஸ்பேனர் பெட்டியைத் திறந்து, ஏழையும் மேஜைமேல் வைத்தேன். அவர் ஒரு மணிநேரம் குனிந்த தலை நிமிராமல் பார்த்தார். மானின் கீறலைக் கண்டுபிடித்து உச்சுக் கொட்டினார். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். காசுகளை ஒரு பார்வை பார்த்தாள், யானையையும் சிங்கத்தையும் கொஞ்சம் அதிகமாக. பிறகு உள்ளே போய்விட்டாள். அவர் போகும்போது வாசல்வரை வந்து வழியனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எப்ப வாங்கினது மாமா?"

இங்கே திருப்பதியில் வாங்கினேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"அங்கதான். வேலைல இருக்கறப்ப."

"எப்டி எட்த்துக்கினு வந்தே?"

"அண்ட்ராயர் பைல வெச்சி தெச்சிக்கினேன். கஸ்டம்ஸுக்கு பயந்துக்கினு."

"மலைல?"

"அதுலதான் இருந்துது."

மேஜைமேல் பாதுஷாப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன். "கெளம்பு. இப்பவே மலைக்குப் போலாம். ஏழையும் போட்டுட்டு வந்துடலாம். என்னை மன்னிச்சிடு" என்றேன். சத்தியமாக அந்த நிமிஷத்தில் போட்டிருப்பேன். ஒன்றைக்கூட எடுத்து வைத்திருக்க மாட்டேன்.

"இன்னாத்துக்கு? இப்ப போட்டா அது வெறும் காணிக்க. தோப்பிடி அன்னியோட முட்ஞ்சிது." குரல் உயரவே இல்லை. "உன் காசு, நீயே வெச்சிக்கோ. அதுக்கு நான் கோவப்படல."

"பின்ன?"

"புள்ள நிக்காததுக்கு உன் காசுதான் காரணம்னு நான் சொல்லல மாமா. அது எனுக்குத் தெரியாது, சாமிக்குத்தான் தெரியும். ஆனா அந்த வளையம் காரணம் இல்லன்னு உனுக்குத் தெரியும் இல்ல? அதவிடப் பெர்சா ஒண்ணு பொட்டிக்குள்ள கீதுன்னு தெரியும் இல்ல? எட்டு வருசமா நான் பட்னி கெடக்கறதப் பாத்துக்கினு, எதுருல குந்திக்கினு துன்னியே. ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, உன்னால இல்லன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

வக்கீல்போல வாதாடியவன்தான் நான். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒரு பாயின்ட்கூடக் கிடைக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் எப்போதும்போல இருந்தாள். தண்ணீர் பிடித்தாள், டிபன் கட்டிக் கொடுத்தாள். எனக்குத்தான் கடையில் வேலை ஓடவில்லை. மோட்டார் காயிலுக்குக் கம்பி சுற்றும்போது சுற்று எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். தெருமுனையிலேயே வாசனை. கருவாட்டுக் குழம்பு. திருப்பதியில், சனிக்கிழமையில், எங்கள் தெருவில் யார் வீட்டில் என்று பார்த்துக்கொண்டே வந்தால் எங்கள் வீட்டில்தான். மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு பால்கனியில் நின்றிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தேன்.

அவள் குளித்து, தலையை முடிந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரே ஒரு தட்டு. சோறு குவித்து, நடுவில் குழி செய்து, குழம்பை ஊற்றியிருந்தாள். கத்தரிக்காயும் நெத்திலியும் மிதந்தன. நான் கைகழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, எனக்கான தட்டை எடுக்கக் கை நீட்டினேன்.

"உனுக்கு இல்ல மாமா" என்றாள். "மோர் சோறு மூடி வெச்சிக் கீறேன், உப்பு போடல. இனிமே சனிக்கெழம உன்னுது."

அதில் கோபம் இல்லை. ரேஷன் கார்டில் பெயர் மாற்றுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். அவள் பிசைந்தாள். முதல் கவளத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றாள். நெத்திலியின் தலையைக் கிள்ளி ஓரத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக நிதானமாகத் தின்றாள். அவசரமே இல்லை. நெற்றியில் வியர்த்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். தட்டு காலியானது. என்னைப் பார்க்காமலே கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.